சிறையில் பட்டினியால் இறந்த விதை விஞ்ஞானி: யார் இந்த வாவிலோவ்? நம்ம பருப்புக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

1943 ஜனவரி 26. ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் இருக்கும் சரடோவ் நகரச் சிறை. அங்கிருந்த மருத்துவமனைப் பிரிவில் 55 வயது கைதி ஒருவர் இறந்துபோகிறார். மாதக்கணக்கில் சரியான சாப்பாடு இல்லாமல் உடம்பு எலும்பும் தோலுமாகியிருந்தது. பொதுக் குழியில் புதைத்துவிட்டார்கள். மனைவிக்குத் தகவல் இல்லை. வெளியுலகத்துக்கும் தெரியாது.

அந்தக் கைதியின் பெயர் நிகோலாய் இவானோவிச் வாவிலோவ். உலகத்தில் பஞ்சமே வரக்கூடாது என்று ஐந்து கண்டங்களில் அலைந்து விதை சேகரித்தவர். அவர் உருவாக்கிய விதைத் தொகுப்புதான் அன்றைக்கு உலகிலேயே பெரியது. அப்படிப்பட்டவர் செத்தது பசியால்.

இன்றைக்குக் கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை மாதிரியான பயிர்களை நோய்க்கும் வறட்சிக்கும் தாங்குகிற மாதிரி மாற்ற விஞ்ஞானிகள் காட்டுச் செடிகளைத் தேடிப் போகிறார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. எங்கே தேடணும், ஏன் தேடணும் என்று முதலில் தெளிவாகச் சொன்னவர் இவர்தான்.

கெட்டுப்போன ரொட்டியில் இருந்து தொடங்கிய பயணம்

1887 நவம்பர் 25, மாஸ்கோவில் பிறந்தார். அப்பா இவான், விவசாயக் குடும்பத்தில் பிறந்து துணி வியாபாரத்தில் பெரிய ஆளானவர். தம்பி செர்கேய் இயற்பியல் விஞ்ஞானி. (இந்தத் தம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி வருவார்.)

மாஸ்கோ வேளாண் கல்லூரியில் படிப்பை முடித்த வாவிலோவ், 1913-ல் இங்கிலாந்து போனார். அங்கே வில்லியம் பேட்சன் என்ற பேராசிரியரிடம் வேலை. மரபணுவியல் என்ற துறையே அப்போதுதான் கண் திறந்திருந்தது. செடிகளுக்கு வரும் நோய்களைப் பற்றித்தான் வாவிலோவின் ஆராய்ச்சி. ஒரே வயலில் ஒரு கோதுமை நோயில் கருகுது, பக்கத்தில் நிற்கும் இன்னொரு ரகத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏன்? இந்தக் கேள்விதான் கடைசி வரை அவரை விடவே இல்லை.

1916-ல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, பாரசீகத்தில் (இன்றைய ஈரான்) இருந்த ரஷ்யச் சிப்பாய்களுக்கு ரொட்டி சாப்பிட்டதும் தலைசுற்றல், மயக்கம். காரணம் கண்டுபிடிக்க இளம் வாவிலோவை அனுப்பினார்கள். கோதுமையோடு கலந்து வளர்ந்த ஒரு விஷக் களைப்புல்லின் விதையும், தானியத்தைத் தாக்கிய பூஞ்சையும்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். வேலை முடிந்ததுன்னு திரும்பி வரவில்லை. அப்படியே பாமிர் மலைகள் வரை போய், வழியெல்லாம் விதை பொறுக்கினார். பிறகு வாழ்க்கை முழுக்க இதேதான்.

பருப்பு மாதிரியே நடிக்கும் களை

1917-ல் சரடோவில் பேராசிரியர் ஆனார். ஆமாம், அவர் பிற்பாடு இறந்துபோன அதே சரடோவ்.

இங்கே அவர் கவனித்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், ஏன்னா அது பருப்பு பற்றியது. மைசூர் பருப்புச் செடி விளையும் வயலில் வெட்ச் என்ற ஒரு களை சேர்ந்து வளரும். இரண்டுமே பயறு குடும்பம். வெட்ச் விதை வழக்கமாக உருண்டையாக இருக்கும், மைசூர் பருப்பு தட்டையாக இருக்கும். சலித்தால் பிரிந்துவிடும். ஆனால் சில வயல்களில் வெட்ச் விதையும் தட்டையாக, அதே அளவில், அதே நிறத்தில் இருந்தது. சல்லடையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எப்படி? யாரும் அந்தக் களையைத் திட்டம் போட்டு மாற்றவில்லை. ஒவ்வொரு வருஷமும் விவசாயி சலிக்கும்போது உருண்டை விதைகள் வெளியே போய்விடும். தப்பித் தவறி கொஞ்சம் தட்டையாகப் பிறந்தவை மட்டும் பருப்போடு சேர்ந்து மறுபடி விதைப்புக்குப் போகும். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்து, களை பருப்பு வேஷம் போட்டுக்கொண்டது. இந்த மாதிரி ஏமாற்று வேலைக்குப் பின்னாளில் வாவிலோவின் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் வாவிலோவ் இதில் பார்த்தது வேறு. நெருங்கிய உறவுள்ள இரண்டு செடிகளில் ஒன்றில் ஒரு குணம் இருந்தால், அதே குணம் இன்னொன்றிலும் எங்கேயாவது இருக்கும், தேடினால் கிடைக்கும் என்றார். பயறில் தட்டை விதை உண்டு, எனவே களையிலும் உண்டு. இதை ஒரு விதியாகவே வகுத்து 1920 ஜூனில் சரடோவில் நடந்த மாநாட்டில் படித்தார். எதைத் தேடுவது என்று முன்கூட்டியே சொல்ல முடிகிற ஒரு அட்டவணை மாதிரி என்பதால், வேதியியலுக்கு மெண்டலீவ் செய்ததை இவர் உயிரியலுக்குச் செய்துவிட்டார் என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள்.

அந்த சரடோவ் நாட்களில் அவரிடம் படித்த மாணவிதான் எலெனா பாருலினா. பின்னாளில் வாவிலோவின் இரண்டாவது மனைவி ஆனார். அவருடைய ஆராய்ச்சி என்ன தெரியுமா? மைசூர் பருப்பு. 1930-ல் அவர் எழுதிய பருப்பு பற்றிய பெரிய நூலை அந்தத் துறைக்காரர்கள் பிறகும் பல காலம் கையில் வைத்திருந்தார்கள். வாவிலோவைப் பற்றி எழுதுகிற பலரும் இவரை 'மனைவி' என்ற ஒற்றை வார்த்தையில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

விதை வேட்டை

1921-ல் வாவிலோவ் பெட்ரோகிராடுக்கு (பின்னாளில் லெனின்கிராட், இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வந்து, செடியியல் ஆய்வு நிறுவனம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். வோல்கா பகுதியில் பெரும் பஞ்சம் வந்த நேரம் அது. சுமார் 50 லட்சம் பேர் இறந்தார்கள். புதிய விதை இல்லாமல் இந்த நாடு பிழைக்காது என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

1924-ல் ஆப்கானிஸ்தான். குதிரையிலும் நடந்துமாக சுமார் 5,000 கிலோமீட்டர். 1926-27-ல் மத்தியதரைக்கடல் நாடுகள், எத்தியோப்பியா. 1929-ல் சீனா, ஜப்பான், கொரியா. 1930-ல் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. 1932-33-ல் தென் அமெரிக்கா. ராத்திரி நாலைந்து மணி நேரம்தான் தூங்குவாராம். போகிற ஊரில் சந்தைக்குப் போய், விவசாயிகளிடம் பேச முயன்று, ஒவ்வொரு தானியத்திலும் ஒரு கைப்பிடி வாங்கிப் பொட்டலம் கட்டி லெனின்கிராடுக்கு அனுப்புவார்.

இப்படி அலைந்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு பயிர் உலகம் முழுக்க விளையலாம். ஆனால் அதன் ரகங்கள் சில குறிப்பிட்ட இடங்களில்தான் கொட்டிக் கிடக்கும். அப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகள். அங்கேதான் மனிதர்கள் அந்தப் பயிரை முதன்முதலில் காட்டிலிருந்து வயலுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். 1926-ல் இதைப் புத்தகமாக எழுதினார். அதே வருஷம் லெனின் பரிசும் கிடைத்தது.

அவருடைய பட்டியலில் இந்தியாவும் ஒன்று. துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு என்று நம்ம அடுப்படியில் இருக்கிற பாதிப் பேர் அந்த இந்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். பட்டாணிக்கும் மைசூர் பருப்புக்கும் மேற்காசியாவையும் மத்தியதரைக்கடல் பக்கத்தையும் காட்டினார். எத்தியோப்பியாவில் கொண்டைக்கடலையிலும் பட்டாணியிலும் அவர் பார்த்த வகைகள் அவரையே திகைக்க வைத்தன.

சரி, காட்டுச் செடி எதுக்கு?

இதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

காட்டில் வளரும் பயறுச் செடியின் காய் முற்றியதும் வெடித்து விதையைத் தூர எறியும். விதையும் உடனே முளைக்காது, சில வருஷம்கூட மண்ணுக்குள் தூங்கும். செடிக்கு அது நல்லது. அறுவடை செய்கிறவருக்கு அது பெரிய தலைவலி. அதனால் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நம்ம முன்னோர்கள் வெடிக்காத காய், சேர்ந்து முளைக்கிற விதை, பெரிய பருப்பு என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள்.

எடுத்ததில் சில செடிகள் மட்டும்தான் வயலுக்கு வந்தன. மற்ற எல்லாம் காட்டிலேயே நின்றுவிட்டன. நோயைத் தாங்குவது, தண்ணீர் இல்லாமல் சமாளிப்பது, பூச்சிக்குப் பிடிக்காமல் இருப்பது போன்ற குணங்களில் பலவும் அந்தக் கூட்டத்தோடு பின்தங்கிவிட்டன. கொண்டைக்கடலை மாதிரி தன் மகரந்தத்தையே தான் பயன்படுத்தும் செடிகளில் இந்தக் குறை இன்னும் அதிகம். வெளிக் கலப்பு ரொம்பக் குறைவு. வயல் முழுக்க ஒரே குடும்பம் மாதிரி. ஒரு புது நோய் வந்தால் எல்லாமே ஒரே நேரத்தில் படுத்துவிடும்.

வாவிலோவ் சொன்னது இதுதான். ஒரு செடியும் அதன் நோயும் நீண்ட காலம் ஒரே மண்ணில் மோதிக்கொண்டிருந்த இடத்துக்குப் போங்கள். அந்த நோயைத் தாங்கும் ரகம் அங்கேதான் இருக்கும். பழைய நாட்டு ரகங்களை எடுங்கள், களைகளை எடுங்கள், காட்டில் இருக்கும் உறவுக்காரச் செடிகளையும் எடுங்கள். இன்றைக்கு எதற்கு உதவும் என்று தெரியாவிட்டாலும் எடுத்து வையுங்கள்.

இதில் ஒரு பிரச்சனை இருந்தது. இந்த வேலைக்கு நேரம் ஆகும். காட்டுச் செடியோடு கலப்பு செய்தால் நல்ல குணத்தோடு வெடிக்கும் காயும் சின்ன விதையும் கூடவே வரும். மறுபடி மறுபடி பயிர் ரகத்தோடு கலந்து, வேண்டாததைக் கழித்து, வேண்டியதை மட்டும் மிச்சம் வைக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகும்.

ஸ்டாலினுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

லைசென்கோ

தனியார் நிலங்களை எல்லாம் கூட்டுப் பண்ணையாக்கிய பிறகு சோவியத் விவசாயம் நொறுங்கியது. 1932-33-ல் மறுபடியும் பெரும் பஞ்சம். அரசு வாவிலோவின் நிறுவனத்திடம் கேட்டது, பத்து வருஷ வேலையை நாலைந்து வருஷத்தில் முடிக்க முடியுமா என்று. நேர்மையான பதில் முடியாது என்பதுதான்.

முடியும் என்று சொல்ல ஒருவர் இருந்தார். டிரோஃபிம் லைசென்கோ. உக்ரைன் விவசாயி மகன். விதையை ஈரப்படுத்திக் குளிரில் வைத்து விதைத்தால் விளைச்சல் பெருகும் என்று பிரபலமானவர். மரபணு என்று ஒன்று கிடையாது, சூழலை மாற்றினால் செடியின் குணமே மாறி அடுத்த தலைமுறைக்கும் போகும் என்றார். விவசாயி வீட்டுப் பிள்ளை, சீக்கிரம் பலன் தருகிறேன் என்கிறார், வெளிநாட்டுப் புத்தகத்தை மேற்கோள் காட்டுவதில்லை. கட்சிக்கு வேறென்ன வேணும்? 1935-ல் ஒரு கூட்டத்தில் லைசென்கோ பேசும்போது ஸ்டாலின் எல்லோர் முன்னாலும் கைதட்டிப் பாராட்டினார்.

கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் லைசென்கோவைத் தட்டிக்கொடுத்தவர்களில் வாவிலோவும் ஒருவர். அவருடைய குளிர்ப் பதன முறையில் ஏதாவது இருக்கலாம் என்று நம்பினார். நல்ல மனசு என்று இதைச் சொல்வதா, ஆளை எடைபோடத் தெரியாத குணம் என்பதா, எனக்குத் தெரியவில்லை.

அதே 1935-ல் வேளாண் அறிவியல் கழகத் தலைவர் பதவி வாவிலோவிடமிருந்து போனது. 1938-ல் அந்த நாற்காலியில் லைசென்கோ உட்கார்ந்தார். 1939-ல் எடின்பரோவில் நடந்த உலக மரபணுவியல் மாநாட்டுக்கு வாவிலோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சோவியத் அரசு விடவில்லை. இந்த நேரத்திலும் அவர் தன் கருத்திலிருந்து இறங்கி வரவில்லை. கூட்டங்களில் வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார்.

1940 ஆகஸ்ட் 6. மேற்கு உக்ரைனில் செர்னிவ்ட்சி பக்கம் மலையடிவாரத்தில் செடி சேகரித்துக்கொண்டிருந்தார். ஒரு கார் வந்தது. மாஸ்கோவில் அவசரமாக அழைக்கிறார்கள் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்குச் சேகரித்த பையைக் கூட வந்தவர்கள் பிரித்துப் பார்த்தபோது அதில் உமி பிரியாத ஒரு பழங்காலக் கோதுமை இருந்தது. அந்தப் பகுதியில் அது இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை.

நாசவேலை, பிரிட்டனுக்கு உளவு பார்த்தது என்பவை குற்றச்சாட்டுகள். பதினோரு மாதம் விசாரணை என்ற பெயரில் வதை. 1941 ஜூலை 9-ல் சில நிமிடங்களில் முடிந்த வழக்கில் மரண தண்டனை. ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியதும் கைதிகளை சரடோவுக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் இல்லாத அறையில் அடைபட்டிருந்தபோதும் கூட இருந்த கைதிகளுக்கு செடியியல் வகுப்பு எடுத்திருக்கிறார். 1942-ல் தண்டனை 20 வருஷச் சிறையாகக் குறைந்தது. அதே வருஷம் லண்டன் ராயல் சொசைட்டி அவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் எழுதுவதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். எலெனா பாருலினாவும் மகன் யூரியும் போர்க் காலத்தில் லெனின்கிராடை விட்டு வெளியேறிப் போனது எலெனாவின் சொந்த ஊருக்கு. அந்த ஊர் சரடோவ். கணவர் மாஸ்கோ சிறையில் இருப்பதாக நினைத்து, தங்களுக்கே போதாத உணவைப் பொட்டலம் கட்டி மாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் அவர். வாவிலோவ் அதே ஊரில் பசியால் இறந்துகொண்டிருந்தார்.

நிலக்கடலைக்கு நடுவில் ஒரு மரணம்

1941 செப்டம்பர் 8-ல் ஜெர்மன் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்தது. 872 நாள் முற்றுகை. முதல் குளிர்காலத்தில் சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான், அதிலும் மாவு பாதி. நகரத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

செயின்ட் ஐசக் சதுக்கத்தில் இருந்த வாவிலோவ் நிறுவனத்தில் அரிசி, கோதுமை, பட்டாணி, கடலை என்று டன் கணக்கில் சாப்பிடக்கூடிய பொருள் இருந்தது. தலைவர் சிறையில். மேலிடம் இந்தத் தொகுப்பைப் பெரிதாகக் கண்டுகொள்ளவும் இல்லை. ஊழியர்கள் ஜன்னல்களைப் பலகையால் அடைத்து, எலிகளை விரட்டி, முறைபோட்டுக் காவல் காத்தார்கள். ஒரு பகுதியை உரல் மலைப் பக்கம் அனுப்பினார்கள். மிச்சத்தைத் தொடவில்லை.

நிலக்கடலைத் தொகுப்பைப் பார்த்துக்கொண்ட அலெக்சாண்டர் ஷூகின் தன் மேஜையிலேயே இறந்துபோனார். அரிசித் தொகுப்பின் டிமிட்ரி இவானோவ் பசியால் இறந்தபோது அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் இருந்தன. குறைந்தது ஒன்பது பேர் இப்படி இறந்தார்கள். சில பதிவுகளில் எண்ணிக்கை இன்னும் கூடுதல்.

பிறகு என்ன ஆச்சு?

வாவிலோவ் கொண்டைக்கடலைக்கு மேற்காசியாவைத்தான் கைகாட்டியிருந்தார். ஆனால் அதன் காட்டு மூதாதை எது என்று அவர் காலத்தில் தெரியாது. 1970-களில்தான் தென்கிழக்குத் துருக்கியில் அதைக் கண்டுபிடித்தார்கள். சிசர் ரெட்டிகுலாட்டம் என்று பெயர். கொண்டைக்கடலையின் காட்டு உறவுகள் பல இருந்தாலும், இதுவும் பக்கத்திலேயே வளரும் இன்னொன்றும்தான் பயிரோடு சுலபமாகக் கலக்கும். இரண்டும் ரொம்பக் குறுகிய பகுதியில்தான் வளர்கின்றன. 2013-க்குப் பிறகு விஞ்ஞானிகள் மறுபடி அங்கே போய்ப் பெரிய அளவில் விதை எடுத்து வந்தார்கள்.

பாசிப்பயறை டப்பாவில் போட்டு வைத்தால் வண்டு துளைக்குமே, அந்த வண்டைத் தாங்கும் குணம் மடகாஸ்கரில் எடுத்த ஒரு காட்டுப் பாசிப்பயறில் கிடைத்தது. கனடாவில் மைசூர் பருப்பைத் தாக்கும் ஆந்த்ராக்னோஸ் நோய்க்குக் காட்டுப் பருப்பு ஒன்று கைகொடுத்தது. நிலக்கடலைக்கு டிக்கா இலைப்புள்ளியும் துருவும் எவ்வளவு பெரிய தொல்லை என்று கடலை போடுகிறவர்களுக்குத் தெரியும். 1977-ல் பொலிவியாவில் சேகரித்த ஒரு காட்டுக் கடலையின் மரபணு இந்த நோய்களுக்கு எதிராக நிற்கிறது. அது சுமார் 30 நாடுகளின் ரகங்களுக்குள் பரவியிருப்பதை 2021-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது.

துவரைக் கதை நம்ம நாட்டிலேயே நடந்தது. பயறு வகையில் கலப்பின விதை தயாரிப்பது கஷ்டம். மகரந்தம் உற்பத்தியாகாத தாய்ச் செடி வேணும். ஹைதராபாத் பக்கத்தில் பட்டாஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் அதைக் காட்டுத் துவரையிலிருந்து பெற்றது. கஜானஸ் கஜானிஃபோலியஸ் என்ற அந்தச் செடி துவரைக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம், நம்ம நாட்டுக் காடுகளில்தான் வளர்கிறது. அப்படி வந்த ஐசிபிஎச் 2671 என்ற கலப்பின ரகம் 2010-ல் மத்தியப் பிரதேசத்தில் வெளியானது.

வாவிலோவ் மீதான தீர்ப்பை 1955-ல் சோவியத் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் தம்பி செர்கேய் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணனைச் சிறையில் கொன்ற அதே அரசு, 1945-ல் தம்பியை சோவியத் அறிவியல் கழகத்தின் தலைவராக்கியது. அவரும் அந்தப் பதவியை ஏற்றார், கடைசி வரை அதில் இருந்தார். அவருக்கு வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள்.

அந்த நிறுவனம் இப்போது வாவிலோவ் பெயரில், அதே சதுக்கத்தில் இயங்குகிறது. கணவருடைய பெயர் மீண்டு வந்ததைப் பார்த்த எலெனா பாருலினா, அவர் விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குபடுத்தும் வேலையில் இறங்கினார். 1957-ல் இறந்துபோனார்.